மேட்டுப்பக்கம் கட்டிய நூல்

அன்று அந்தத் தேயிலைத் தோட்ட லயத்து வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். சைக்கிள் பிரேமை விற்க நின்ற வேலாயுதம் அண்ணன். குடியிருந்த காம்பராவின் கதவில் சாய்ந்து நின்ற அவர் மனைவி சரசு அண்ணி. கொட்டகலைக் கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹமீது நானா. என் மனைவியின் தம்பி கதிரேசன். அப்புறம் வாங்கப் போன நான்.

ஆறாவதாக ஒருவரும் இல்லை. இதை இவ்வளவு கறாராக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நடந்ததை வேறு யார் தலையிலும் போட முடியாது.

சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எந்த வருஷம் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. தூறல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது மட்டும் நிச்சயம். பிரேமின் நீலக் குழாய்களில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அண்ணி ஒரு சாக்குத் துண்டைக் கொடுத்தார். அதில் தேயிலைத் தூள் வாசம் அடித்தது.

எனக்கு ஏன் சைக்கிள்

எனக்குத் தபால் வேலை கிடைத்த கதையை இரண்டு கிழமைக்கு முன் எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தினமும் காலையில் கொட்டகலைத் தபால் கந்தோருக்குப் போய், தோட்டத்துக் கடிதங்களைத் தோல் பையில் வாங்கிக்கொண்டு மேலே ஏறி வர வேண்டும். நான் நடந்துதான் போய் வந்தேன். தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த தொரைக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க முடியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து சைக்கிள் உள்ளவனுக்குத்தான் தபால் பை என்று சொல்லிவிட்டார்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் பை போனால் மறுபடியும் மண்வெட்டிதான்.

புது சைக்கிள் வாங்க வசதியில்லை. ஆடு விற்ற காசும் சீட்டுக் காசுமாக எண்பது ரூபாய் வைத்திருந்தேன். அந்த நாளில் மாதம் முழுக்கப் பேர் விழுந்தாலும், அதாவது ஒரு நாள் விடாமல் வேலை செய்தாலும், ஒரு ஆள் கையில் ஐம்பது அறுபதுதான் மிஞ்சும். அப்போதுதான் ஹமீது நானா வேலாயுதம் அண்ணனுடைய பிரேமைப் பற்றிச் சொன்னார். சக்கரமும் மற்றச் சாமானும் தன் கடையிலிருந்து தவணைக்குத் தருவதாகவும் சொன்னார்.

தொரை விட்டுப்போன நீலம்

வேலாயுதம் அண்ணன் சின்னத்தொரை பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தவர். வெள்ளைக்காரரான அந்தச் சின்னத்தொரை ஞாயிற்றுக்கிழமைகளில் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நானுஓயா ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பார். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். சீமைக்குத் திரும்பும்போது, "வேலு, இது உனக்கு" என்று அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

அண்ணனும் இப்போது புறப்பட்டுக்கொண்டிருந்தார். பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது. இங்கே இருக்கக் கொடுத்த தவணையும் முடியப் போகிறது. அடுத்த புதன்கிழமை ரயிலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். திருச்சிப் பக்கம் அவர் அப்பா பிறந்த ஊர் இருந்தது. அவர் அதைப் பார்த்ததில்லை.

சக்கரம், சீட்டு, ஹேண்டில், விளக்கு எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன. எல்லாரும் முதலில் கேட்டது அவற்றைத்தான். பிரேமும், முன்சக்கரம் மாட்டும் முன்கவையும் மட்டும் தனித்தனியாக மிஞ்சிக் கிடந்தன.

யாரும் தொடாததற்குக் காரணம் அதற்குப் பாரமே இல்லாததுதான். அந்தக் காலத்தில் சைக்கிள் என்றால் கறுப்பாக இருக்க வேண்டும், தூக்கினால் முதுகு பிடிக்க வேண்டும். இது கதிரேசனின் ஒரு விரலில் தொங்கியது.

"மச்சான், இது சைக்கிளா, கொக்கா?" என்றான்.

"கொக்குதான் தம்பி," என்றார் வேலாயுதம் அண்ணன். "ஆனா எருமை ஏறாத மேட்டுல ஏறும்."

அண்ணி சிரிக்கவில்லை. கதிரேசன் பிரேமைக் கீழே வைத்துவிட்டான்.

நானா பார்த்த நோட்டம்

ஹமீது நானா சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குந்தினார். பழைய பிரேமை எப்படிப் பார்ப்பது என்று நான் தெரிந்துகொண்டது அன்றுதான்.

"பாரமில்லாட்டி மட்டம் எண்டு நெனைக்காதீங்க முத்தையா. இது வேற ஜாதி இரும்பு. குழாய் மெல்லிசு, ஆனா உறுதி." குழாய்கள் சேரும் மூட்டுகளைத் தடவிக் காட்டினார். ஒவ்வொரு மூட்டிலும் இலை நுனிபோல் கூர்மையாக வெட்டிய பட்டை. "இந்த ஓரத்துல நகம் மாட்டுதா பாருங்க. மாட்டினா ஒட்டு விட்டுப் போச்சு எண்டு அர்த்தம்."

மாட்டவில்லை. நான் எட்டு மூட்டிலும் நகத்தை ஓட்டினேன். முடித்துவிட்டு, முதல் மூட்டைச் சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடியும் ஓட்டினேன்.

பிறகு முன்கழுத்துக்குப் பின்னால், இரண்டு குழாய்களின் அடிப்பக்கம். எங்காவது முட்டி மோதிய சைக்கிளென்றால் அந்த இடத்தில் இரும்பு புடைத்து, பெயிண்ட் கிழவி கன்னம்போல் சுருங்கியிருக்குமாம். சுருக்கம் இல்லை. மிதிகட்டையின் அச்சு ஓடும் குழாய்க்குள் விரலை விட்டுத் திருப்பினார். கறுப்புக் கிரீஸ் வந்தது. "துருவேறி செவப்பா வந்திருந்தா நான் எழும்பிப் போயிருப்பன்." குழாய்க்குள் மிஞ்சியிருந்த சீட்டுக் கம்பி துருவில் இறுகிப் பிடித்திருக்கிறதா என்று முறுக்கிப் பார்த்தார். அது சுழன்றது. ஒரு ஐம்பது சதக் காசால் குழாய்களைத் தட்டினார். எல்லாம் ஒரே சத்தம்.

"நல்லாத்தான் ஈக்குது," என்றார். "ஒண்டுதான் பாக்கி. நேரா இருக்கா எண்டு பார்க்கணும். அது என்னை விட ஒங்களுக்குத் தெரியும். நீங்கதானே நூல் பிடிச்ச ஆள்."

அரைப்பேர்

நூல் பிடிப்பதென்றால் என்ன என்று இங்கே சொல்ல வேண்டும்.

புதுமலையில் தேயிலை நடுவதற்கு முன் குழி வெட்டுவார்கள். குழி வரிசை தப்பாமலிருக்க, முளையடித்துக் கயிறு கட்டுவார்கள். பள்ளிக்கூடத்தை விட்டதும் என்னை அந்த வேலையில்தான் போட்டார்கள். சரிவில் முளை அடித்தால், கயிறு எப்போதும் முளைக்கு மேட்டுப்பக்கமாகத்தான் போக வேண்டும். முதல் முளையிலும் மேட்டுப்பக்கம், கடைசி முளையிலும் மேட்டுப்பக்கம். ஒன்றில் மாறினாலும் வரிசை கோணலாகிவிடும்.

சேர்ந்த மூன்றாம் நாள் நான் ஒரு முளையில் மாற்றிப் போட்டேன். நாற்பது குழி வெட்டின பிறகுதான் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அதைக் கண்டார். அத்தனையையும் மூடி மறுபடி வெட்டினார்கள். வெட்டின ஆறு பேருக்கும் அன்று அரைப்பேர்தான் போட்டார், பாதிச் சம்பளம். அந்த ஆறு பேரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருத்தர் பிள்ளைக்கு அப்போது காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் ஒரு தடவை பார்த்ததோடு விட்டதில்லை. விளக்கை அணைத்தேனா, கதவைச் சாத்தினேனா, பையின் வாரை இழுத்தேனா, எல்லாம் மூன்று தடவை. வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் லயத்தில் யாராவது ஆடு வாங்கப் போனாலும், பழைய மணிக்கூடு வாங்கப் போனாலும் என்னைக் கூப்பிடுவார்கள். "முத்தையாவைக் கூட்டிட்டுப் போ, இல்லாத ஓட்டையும் அவன் கண்ணுக்குத் தெரியும்" என்பது பேச்சு.

அதை ஒரு பாராட்டாகவே நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் சொன்ன விலை

நூலை எடுப்பதற்கு முன் விலையைக் கேட்டேன்.

"எண்பது," என்றார் வேலாயுதம் அண்ணன். ஒளிவு மறைவு இல்லாமல் கணக்கையும் சொன்னார். "எழுபத்தஞ்சு அடகுக் கடைக்கு. இவ தாலி அங்க இருக்கு, அம்மா செத்தப்ப வச்சது. மீதி அஞ்சு வழிக்கு. அதுக்கு மேல எனக்கு வேணாம் தம்பி. அதுக்குக் குறைஞ்சா அது அங்கேயே நின்னு போயிரும். புதன்கிழமைக்கு அப்புறம் திரும்பி வந்து மீட்கிறதுக்கு யாரு இருக்கா?"

அண்ணி முந்தானையைக் கழுத்தோடு இழுத்து மூடிக்கொண்டார். மூடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு கட்டியிருந்தது.

எண்பது ரூபாய் என் மடியில் இருந்தது. விலை எனக்கு அநியாயமாகப் படவில்லை. பிரேம் நேராக இருந்தால் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்தேன். இது சத்தியம்.

ஒரு தீக்குச்சி

சோதனை லேசானது. பின்சக்கரத்தின் அச்சு உட்காருவதற்குப் பிரேமின் பின்னால் இரண்டு இரும்புக் காதுகள் இருக்கும். ஒரு காதில் நூலைக் கட்டி, முன்கழுத்தைச் சுற்றி, மறு காதுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் சீட்டுக் குழாய் நிற்கும். அதற்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாயிருந்தால் பிரேம் நேர். இல்லாவிட்டால் கோணல்.

நானா முன்கவையைக் கழுவிப் பார்க்க, தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் போனார். கதிரேசன் பிரேமைச் சரிவுக்குக் குறுக்கே நிமிர்த்திப் பிடித்தான். நான் சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்துக் கட்டினேன். சரிவில் நின்று நூல் கட்டுவது என் கைக்குப் பழகின வேலை. யோசிக்கவே இல்லை.

இடப்பக்கம் என் பெருவிரல் நுழைந்தது. அதோடு ஒரு தீக்குச்சியும் சேர்ந்து நுழைந்தது. வலப்பக்கம் விரல் மட்டும்தான்.

அவிழ்த்துக் கட்டினேன். அதே தீக்குச்சி. மூன்றாவது தடவையும் கட்டினேன். அதே தீக்குச்சி.

"கோணல்ண்ணே," என்றேன்.

வேலாயுதம் அண்ணன் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்படி இருக்காதே தம்பி. தொரை கையை விட்டுட்டு ஓட்டுவாரு."

"நூல் பொய் சொல்லாதுண்ணே."

பீலிக்கரையிலிருந்து திரும்பி வந்த நானா, கட்டியிருந்த நூலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "மெய்யாவா?"

"மூணு தடவை பார்த்தேன் நானா."

"நீங்க மூணு தடவை பார்த்தா பொறகு நான் என்ன பார்க்கிற," என்றார். முன்கவை பழுதில்லை என்று மட்டும் சொன்னார்.

கதிரேசன் பேரத்தைக் கையில் எடுத்தான். அவன் கெட்டவன் இல்லை. அக்கா வீட்டுக் காசு என்று நினைத்தான். "கோணல் பிரேமுக்கு எண்பதா? சந்தையில போட்டா முப்பதுக்குப் போகாது. எறக்கத்துல மச்சான் விழுந்து செத்தா எங்க அக்காவுக்கு யாரு தாலி குடுக்கிறது? அம்பது. அதுவே பாவம் பார்த்து."

அந்தப் பேச்சை நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பிரேம் உடைந்து பள்ளத்தில் விழுவதை என் மனம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. முப்பது ரூபாய் மிச்சம் என்ற சந்தோஷமும் மனதில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வேறு ஆள் தேட அண்ணனுக்கு நாள் இல்லை.

"வழிக்கு ஒரு ரெண்டரை சேர்த்துப் போடுங்க தம்பி," என்றார்.

ஐம்பத்திரண்டு ஐம்பது கொடுத்தேன். அண்ணி வாசலில் இறங்கி வந்து, பிரேமில் தொங்கிய நூலை அவிழ்த்து, விரலில் சுற்றிச் சுருட்டி என் கையில் வைத்தார். "நூலை விட்டுட்டுப் போறீங்களே தம்பி," என்றார்.

புதன்கிழமை

நானா இரண்டு நாளில் சைக்கிளைப் பூட்டிக் கொடுத்தார். மெதுவாக ஓட்டச் சொன்னார். கோணல் பிரேம் ஒரு பக்கமாக இழுக்கும், கையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

இழுக்கவில்லை.

முதல் நாள் பயந்து பயந்து ஓட்டினேன். இரண்டாம் நாள் சமதரையில் ஒரு கையை எடுத்தேன். மூன்றாம் நாள், ஆள் இல்லாத இடம் பார்த்து இரண்டு கையையும் எடுத்தேன். தேயிலைக்கு நடுவே அந்த நீலப் பிரேம் கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. மற்றவனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. என் மனைவி காரணம் கேட்டாள். சைக்கிள் நேராகப் போகிறது என்றேன். அதற்கு ஏன் இந்த மூஞ்சி என்றாள்.

புதன்கிழமை தபால் பையோடு கொட்டகலை ஸ்டேஷன் பக்கம் போனபோது ரயில் நின்றது. மேடை முழுக்கத் தகரப் பெட்டிகளும் பாய்ச் சுருட்டுகளும். அழுகிறவர்கள் சத்தமில்லாமல் அழுதார்கள். ஜன்னலோரம் வேலாயுதம் அண்ணன். பக்கத்தில் அண்ணி.

வேலிக்கு இந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை அண்ணன் கண்டார். பார்வை என்னிடம் நிற்கவில்லை, சைக்கிளுக்குப் போனது.

"நேரா ஓடுதா தம்பி?" என்று கேட்டார்.

மனதில் வேறெதுவும் வைத்துக் கேட்டவர் இல்லை. கொடுத்த பெண் நன்றாக இருக்கிறாளா என்று கேட்பதுபோல் கேட்டார்.

நான், "பரவாயில்லண்ணே," என்றேன்.

அந்த ஒரு சொல்லை இத்தனை வருஷமாக நான் முழுங்கப் பார்க்கிறேன். அண்ணி திரும்பிப் பார்த்தபோது முந்தானை விலகியிருந்தது. அதே மஞ்சள் கயிறு, அதே மஞ்சள் துண்டு. ரயில் நகர்ந்தது.

நானா பிடித்த கை

நான்கைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை நானா கடையில் இருந்தேன். அவரிடம் ஒரு பழைய கறுப்பு சைக்கிள் விலைக்கு வந்திருந்தது. நூல் பிடித்துப் பார்க்கச் சொன்னார். கடை வாசலும் சரிவுதான், கீழே ரோடு. நான் வழக்கம்போல் கட்டினேன். நானா அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தார்.

என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"முத்தையா, இந்தக் காதுல நூல் வெளிப்பக்கம் போகுது. அந்தக் காதுல ஏன் உள்பக்கம் போட்டீங்க?"

"மேட்டுப்பக்கம் நானா," என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

முளைக்கு மேட்டுப்பக்கம். இந்தப் பக்கத்துக் காதுக்கு மேட்டுப்பக்கம் என்றால் வெளிப்பக்கம். அந்தப் பக்கத்துக் காதுக்கு மேட்டுப்பக்கம் என்றால் உள்பக்கம். நடுவில் ஒரு காதின் தடிமன் அளவு வித்தியாசம். அது சீட்டுக் குழாயண்டை வந்து சேரும்போது ஒரு தீக்குச்சி. மலையில் மாற்றிக் கட்டியதால் ஆறு பேருக்கு அரைப்பேர் போனது. இங்கே மாற்றாமல் கட்டியதால் ஒருத்தி தாலி போனது. மூன்று தடவை பார்த்தேன் என்று பெருமையாகச் சொன்னேனே, மூன்று தடவையும் அதே பிழையைத்தான் கட்டியிருக்கிறேன்.

நானாவே இரண்டு பக்கமும் வெளியே கட்டி, என் நீலப் பிரேமைப் பார்த்தார். அவர் விரல் இரண்டு பக்கமும் ஒன்றாக நுழைந்தது. தீக்குச்சி எந்தப் பக்கமும் நுழையவில்லை.

"ஒங்கட பேச்சை நம்பி நானும் பார்க்காம விட்டேன்," என்றார். "எனக்கும் இதுல பங்கு ஈக்குது."

இல்லை நானா என்றேன். அவர் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். அது ஆறிப்போனது.

அங்கிருந்து நேராக அடகுக் கடைக்குப் போனேன். தவணை முடிந்துவிட்டது, உருக்கக் கொடுத்தாயிற்று என்றார்கள்.

திரும்பி வந்த கடிதம்

கணக்கப்பிள்ளையிடம் வேலாயுதம் அண்ணன் ஊர் விலாசம் இருந்தது. பிள்ளைகளுடைய பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். பிரேம் நேர்தான், தப்பு என் கையில்தான், பாக்கிப் பணத்தை எப்படி அனுப்புவது என்று எழுதுங்கள் என்று எழுதினேன். மூன்று தடவை படித்தேன். ஒட்டின பிறகும் பிரித்து ஒரு தடவை படித்தேன்.

இரண்டு மாதம் கழித்து, கொட்டகலைக் கந்தோரில் பையை வாங்கி வழக்கம்போல் அடுக்கியபோது, எனக்கே ஒரு கடிதம் இருந்தது. என் கையெழுத்து. மேலே சிவப்பு மையில், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எழுதியிருந்தது. அதைத் தொரையின் கடிதங்களோடு அதே பையில் போட்டு, அதே நீலப் பிரேமில் மாட்டி, மேலே கொண்டுவந்தேன்.

பிறகு இரண்டு கடிதம் போட்டேன். ஒன்று திரும்பி வந்தது. ஒன்று வரவே இல்லை. இந்தியாவுக்குப் போய் வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். கப்பலிறங்கினவர்களை வைத்திருந்த முகாமில் பார்த்ததாக ஒருத்தர் சொன்னார். மலைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று இன்னொருத்தர். நிச்சயமாக ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பிரேம் பதினோரு வருஷம் தபால் சுமந்தது. ஒரு மூட்டுக்கூட விடவில்லை. கதிரேசன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "விடுங்க மச்சான், தெரியாம செஞ்சதுதானே," என்றான். தெரியாமல் செய்ததுதான். ஆனால் ஸ்டேஷனில் "பரவாயில்ல" என்று சொன்னபோது எனக்குப் பாதி தெரியும்.

இந்தப் பத்திரிகை கடல் தாண்டிப் போகிறது என்று சொல்கிறார்கள். சின்னத்தொரை பங்களாவில் பூப்பாத்தி கொத்திய வேலாயுதத்தையோ, சரசுவையோ, அவர்கள் பிள்ளைகளையோ தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இதை மட்டும் அவர்களிடம் சொல்லுங்கள். பிரேம் நேர். அண்ணன் கேட்ட விலை எண்பது ரூபாய். நான் கொடுத்தது ஐம்பத்திரண்டு ரூபாய் ஐம்பது சதம். தாலிக்கு என்னிடம் கணக்கு இல்லை. பிரேமுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது இருபத்தேழு ரூபாய் ஐம்பது சதம்.